வெயிலில் வளைந்த இசைத்தட்டுகள்

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்குப் பாத்திரக்கடை. என் கணவர் இளவயதிலிருந்தே இசைத்தட்டு சேர்ப்பவர். வீட்டில் ஓர் அறை முழுக்கத் தட்டுகள்தான். தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார்.

சித்திரையில் மகள் கல்யாணம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க, சாமான்களையெல்லாம் முற்றத்தில் போட்டோம். தட்டுகளை அவரே தூக்கிவந்தார். "ஈரவாடை போவட்டும்" என்று உறையிலிருந்து எடுத்து வெயிலில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், அத்தனையும் பொரித்த அப்பளமாய் வளைந்து கிடந்தன.

"இன்னாடி இது! கல்யாணத்துல போட வச்சிருந்தேனே, எல்லாம் போச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஆனால் துவைக்கும் கல்மேல் கிடந்த ஒரு தட்டு மட்டும் வளையவில்லை. மேடுபள்ளமான மண்தரையில் கிடந்தவைதான் வளைந்திருந்தன. சூட்டில் இளகிய தட்டு, அடியில் இருப்பதற்கேற்பப் படிகிறது என்று புரிந்தது.

"அழுவாதீங்க. கடை அலமாரிக் கண்ணாடியக் கழட்டிக்கினு வாங்க" என்றேன்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே தட்டை வைத்து, வெயிலில் இளகவிட்டு, நிழலில் ஆறும்வரை தண்ணீர்த் தவலையை மேலே ஏற்றிவைத்தேன். முதல் தட்டு நேராக வெளியே வந்தது! கல்யாணம்வரை இதே வேலைதான். உடைந்த தட்டு ஒன்றே ஒன்று.

பந்தலில் பாட்டு பிசிறில்லாமல் ஒலித்தபோது அவர் சம்பந்தியிடம், "எல்லாம் இவ காப்பாத்துனதுங்க" என்றார்.

இப்போது வெள்ளையடிக்கும்போது தட்டுகள் பக்கத்து அறைக்கு மட்டுமே போகும். அறைச் சாவி என் இடுப்பில். பாட்டு வேண்டுமென்றால் அவர் என்னைத்தான் கேட்கவேண்டும்.

– செஞ்சி வாசகி