செத்தவீட்டு நேரலையும் நிறுத்திவைத்த அப்டேட்டும்

என் தங்கை அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு அந்த வீடியோக்காரன்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

தங்கை பிரான்ஸில் இருக்கிறாள். அகதி வழக்கு முடியவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. அதனால்தான் செத்தவீடு என்றால் பந்தல்காரனுக்கு முன்பே வீடியோக்காரனுக்குச் சொல்கிறோம். அவன் இணையத்தில் தன் பக்கத்தில் நேரலை போடுவான். வெளிநாட்டுச் சொந்தங்கள் டிவிக்கு முன்னால் இருந்து அழும்.

சுடலைக்குப் பெண்கள் வருவதில்லை. வாய்க்கரிசி போடும் நேரம்தான் அவர்களுக்குக் கடைசி. அம்மாவுக்கு நாங்கள் அரிசி போட்டபோது தங்கையும் அங்கே கையில் அரிசியோடு டிவிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். கொள்ளி வைக்கிறவன் நான், போன் என்னிடம் இல்லை. சுடலையால் வந்து ஈர வேட்டியோடு போனை எடுத்தால் அவளுடைய குரல் பதிவு கிடந்தது.

"அண்ணை, அம்மாவைக் காணேல்லை. ஆரோ ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சுச் சூதாட வாங்கோ எண்டுறான். நான் அரிசியோடை நிக்கிறன் அண்ணை. ஆரும் போனை எடுங்கோவன்."

எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுவரை பொறுத்தேன். பிறகு சுன்னாகத்தில் இருக்கிற அவன் கடைக்குப் போனேன்.

"எங்கடை செத்தவீட்டை ஆருக்கு வித்தனீர்?"

"ஐயோ அண்ணை, என்ரை பக்கத்தையே ஆரோ பிடிச்சிட்டாங்கள். நானே உள்ளுக்கை போகேலாமல் நிக்கிறன்."

"பிடிச்சுக்கொண்டு போக அதென்ன ஆட்டுக்குட்டியோ?"

நான் நம்பவில்லை. சூதாட்டக்காரரோடு இவனுக்குத் தொடுப்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வங்கியில் கொம்பியூட்டர் வேலை பார்க்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அவள் அவனுடைய லப்டொப்பைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்டேட்டை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள், என்ன?"

"ஓம் பிள்ளை. ஒரு செத்தவீட்டிலை பெட்டி மூடுற நேரம் பாத்து உது தன்ரை பாட்டிலை நிண்டு அப்டேட் ஆகத் தொடங்கிட்டுது. சனம் எனக்கு அடிக்காத குறை. உதுக்காண்டிப் பிரேதத்தை வைச்சிருக்கேலுமோ? அண்டைக்கு நிப்பாட்டினது."

"செத்தவீடில்லாத நாளிலை போட்டிருக்கலாமே."

"எங்கடை ஊரிலை அப்பிடி ஒரு நாள் எங்கை பிள்ளை இருக்கு?"

எனக்கு இந்த அப்டேட்டிலும் நம்பிக்கை இல்லை. என் போன் மந்தமானதே அதற்குப் பிறகுதான். "உது கொம்பனிக்காரரின்ரை விளையாட்டு" என்றேன். "ஓட்டையில்லாமல் செய்யத் தெரியாதவன் ஏன் விக்கிறான்?"

பிள்ளைதான் பதில் சொன்னாள். "பழைய போன் மந்தமாகிறது உண்மைதான் அண்ணை. ஆனால் புரோகிராம் எழுதேக்கை ஆருக்கும் தெரியாத பிழை பிறகுதான் பிடிபடும். கொம்பனி அதை அடைக்க அப்டேட் விடேக்கை, எந்த இடத்திலை ஓட்டை இருந்ததெண்டு கள்ளனுக்கும் விளங்கிடும். பிறகென்ன, அடைக்காத லப்டொப்பாப் பாத்து உள்ளுக்கை பூந்து பக்கத்தையும் பிடிப்பான். நீங்கள் வெங்காயத்துக்குப் போன வருசம் அடிச்ச மருந்தோடை விட்டிட்டியளோ?"

விடவில்லை. புழு பழகிவிடும், புதுசாகவும் ஒன்று வரும். வெங்காயம் செய்கிறவனுக்கு அது தெரியும். கொம்பனிக்காரன்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் அவன் அடைக்கக் கொடுத்ததையும் இவன் தூக்கி எறிந்துவிட்டு ஊர்ச் செத்தவீடுகளை அந்த ஓட்டை லப்டொப்பில் ஏற்றியிருக்கிறான். கள்ளர் இந்த வழியாலைதான் வந்தார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள் பிள்ளை. வேறு வழி தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள்.

கமராவில் பதிவு இருந்தது. வாங்கித் தங்கைக்கு அனுப்பினேன். அவள் திறக்கவே இல்லை.

"அது படம் அண்ணை. அம்மா எரிஞ்சு முடிஞ்சா. இனி ஆருக்கு அரிசி போடுறது?"

அந்த அரிசியை இன்னும் ஒரு கோப்பைக்குள் வைத்திருக்கிறாளாம்.

போன கிழமை அடுத்த ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். அங்கேயும் அவன்தான். அதே லப்டொப், புதுப் பக்கம். திரையின் மூலையில் அப்டேட் போடச் சொல்லி ஒரு பெட்டி வந்து நின்றது. 'பிறகு' என்பதை அமத்தினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் போடேல்லையோ?"

"செத்தவீட்டிலை நிண்டு உதைக் கதையாதேங்கோ அண்ணை. நாளைக்குப் போடுறன்."

கமரா பிரேதத்தின் முகத்துக்குக் கிட்டப் போனது. அந்த அம்மாவுக்கும் கனடாவில் ஒரு மகள் இருக்கிறாள்.

புதுப் பக்கம் திறந்ததை ஊருக்கெல்லாம் அறிவித்தவன், பழையது ஏன் பறிபோனது என்று ஒரு வரி எழுதவில்லை. என் காதுக்குள் அவன் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்தப் புதுப் பக்கத்தில், அதைப் பார்க்கிற அத்தனை வெளிநாட்டுப் பிள்ளைகளும் வாசிக்கிற மாதிரி எழுதட்டும். அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தது உண்மையா இல்லையா? இன்றைக்குப் போட்டாயிற்றா இல்லையா? அடுத்த வாய்க்கரிசிக்கு முன் பதில் வரவேண்டும்.