கதவு சாத்தும் வரைக்கும்

செவ்வாய்க்கிழமை காலை ஓர் இளம் தம்பதி தங்கள் முதல் வீட்டுக்கான பத்திரங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மேசை லாச்சிக்குள் இருந்த என் கைப்பேசி அதிர்ந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. கட்சிக்காரர் முன்னால் இருக்கும்போது தொலைபேசிக்குக் கை போகக்கூடாது என்று என்னைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். அந்தப் பிள்ளைகள் சிரித்தபடி படியிறங்கிப் போன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அப்படி என்னைப் பழக்கியவரின் தங்கை கௌரி அழைத்திருந்தார். திருப்பி எடுத்தேன்.

"அக்கா, எங்கட மனோ அக்கா போட்டா," என்றார். "விடியப்புறம். நித்திரையிலதான்."

என்னைப் பழக்கியவர் மறைந்த செய்தி, அவர் பழக்கிய அந்த ஒழுங்கினாலேயே எனக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. இதை அவரிடம் சொல்ல முடிந்தால், "சரியாத்தான் செய்தனீங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமில்லை.

மனோகரி சிவபாதம் அவர்கள் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் சொலிசிட்டராக இருந்தவர். வீடு வாங்குவது, விற்பது, உயில் எழுதுவது, சிறு கடைகளின் குத்தகைப் பத்திரங்கள் என்று நீதிமன்றப் படியேறாத சட்ட வேலைகள் எல்லாம் செய்தார். ரோல்ஸும் பற்றிஸும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. அவரை அறிந்தவர்களுக்கு இவ்வளவு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக் காலைகளில் அந்த அலுவலகம் பள்ளிக்கூடமாகிவிடும். சொலிசிட்டர் பரீட்சைக்குப் படிப்பவர்கள் அங்கே கூடுவார்கள். இன்று இந்த நகரத்தில் அந்தத் தொழில் செய்யும் எங்களில் பலர் அந்த மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

நான் அங்கே போனபோது முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தேன். கொழும்பில் சட்டம் படித்தவள். கலியாணம் முடித்து இங்கே வந்து, மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வருடக்கணக்காகத் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு மறுபடியும் படித்து, சொலிசிட்டர் பரீட்சை எழுதித் தோற்றிருந்தேன். மனோ என்னைவிட இரண்டு வயது இளையவர். முதல் நாளே என்னை "சுபா அக்கா" என்றார். நான் "மனோ" என்றேன். இளையவரிடம் படிக்க வந்திருக்கிறோமே என்ற கூச்சம் எனக்கு இருந்தது. கற்பிக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு மருந்துக்கும் இல்லை.

"எப்பிடிப் படிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் பாடமாக்கினனான்," என்றேன். பெருமையோடுதான் சொன்னேன்.

இந்தப் பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே விடை எழுதலாம். அந்த அனுமதி எனக்கும் தெரியும். ஆனாலும் திறக்காமல் எழுதுவதுதான் கெட்டித்தனம் என்று எனக்குள் ஊறியிருந்தது.

"அக்கா, புத்தகம் மேசையில கிடக்கு," என்றார் மனோ. "பிறகேன் உங்கட தலைக்குள்ளயும் ஒண்டு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முதல் தடவை இப்படித்தான் விழுகிறார்கள் என்று பிறகு சொன்னார். அந்த மாதம் முழுவதும் அவர் என்னை எதையும் படிக்க விடவில்லை. தேட மட்டும் விட்டார். கேள்வி சொல்வார், எந்தப் பக்கம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். விடையை வாயால் சொன்னால், "எனக்கு உங்கட ஞாபகம் வேண்டாம், பக்கம் சொல்லுங்கோ," என்பார். அடுத்த முறை நான் சித்தியடைந்தேன்.

ஆனால் பரீட்சை அவருடைய வகுப்பின் சின்னப் பங்குதான். பத்து மணியானால் புத்தகங்களை மூடச் சொல்லி மூன்று கதிரைகளை இழுத்துப் போடுவார். பிறகு அவர் நடிக்கத் தொடங்குவார்.

அந்த நடிப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கார்த் திறப்பை விரலில் சுழற்றியபடி மகனாக உள்ளே வருவார். "அம்மான்ர வீட்டை என்ர பேருக்கு மாத்தவேணும். சின்ன வேலைதான். பார்க்கிங் இல்லை, கெதியா முடியுங்கோ." பிறகு பக்கத்துக் கதிரைக்கு மாறி, சால்வையைப் போர்த்தி, கதிரை நுனியில் இருந்து நிலத்தைப் பார்ப்பார். இப்போது அவர் அம்மா. "எனக்கென்ன தெரியும் பிள்ளை. எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்."

மூன்றாவது கதிரையில் சொலிசிட்டராக இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகனை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவோடு தனியாகப் பேச வேண்டும். வீடு அம்மாவுடையது. ஆகவே கட்சிக்காரரும் அம்மாதான். அவர் மனமறிந்து கையெழுத்து வைக்கிறாரா என்று கேட்காமல் பத்திரத்தை நீட்டக்கூடாது. புத்தகத்தில் அது ஒரு வரி. எங்கள் குடும்பங்களுக்குள் போய் அந்த ஒரு வரியைச் செய்து பாருங்கள்.

என் முறை வந்தபோது நிமிர்ந்திருந்து சொன்னேன்: "தம்பி, சட்டப்படி நீங்கள் வெளியில நிக்கவேணும்."

மகனாக இருந்த மனோ எழுந்தார். "என்ன, எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கிறியளோ? அம்மா, எழும்புங்கோ. வேற லோயரிட்டைப் போவம்." கைப்பையை எடுத்துக்கொண்டு உண்மையாகவே படியிறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். ஜனனி என்று ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்தவர், ஜன்னலால் எட்டிப் பார்த்து, "ஷீ இஸ் ஈற்றிங் எ ரோல், அக்கா," என்றார். மனோ ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தார்.

"அந்தக் குடும்பம் போட்டுது," என்றார் என்னிடம். "அம்மா வேற எங்கையோ கையெழுத்து வைச்சிட்டா. இப்ப உங்கட நேர்மையை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

ஜனனி, "பட் மிஸ், எப்பிடிச் சொன்னாலும் அது ரூட் தானே, மரியாதைக்கேடுதானே," என்றார்.

"ஓம், மரியாதைக்கேடுதான். அந்த மரியாதைக்கேடு ஆரின்ர கணக்கில போகுது எண்டதுதான் கேள்வி," என்றார் மனோ. "அம்மா மகனை வெளியில விட்டவ எண்ட கதை வீட்டுக்குப் போகக்கூடாது. லோயர் ஒரு விசரி, அவள்தான் விட்டவள் எண்டு போகட்டும். நீங்கள் பின்னேரம் உங்கட வீட்டை போயிடுவியள். அந்த அம்மா இரவைக்கு அதே மேசையிலதான் சாப்பிடவேணும்."

பிறகு எழுந்து செய்து காட்டினார். சட்டத்தின் பெயரைச் சொல்லாதே. பொய்யும் சொல்லாதே. "நான் எல்லாரோடையும் இப்பிடித்தான். என்ர அம்மா வந்தாலும் இப்பிடித்தான்" என்று சொல். நீயே எழுந்து கதவைத் திற. மகனோடு வாசல் வரை நட. தேத்தண்ணி குடிக்கச் சொல். திரும்பி வந்து கதவை மெதுவாகச் சாத்து. அடித்துச் சாத்தினால் வெளியே இருப்பவருக்குக் கோபம் வரும், உள்ளே இருப்பவருக்குப் பயம் வரும். நான் எப்போதும் அடித்துத்தான் சாத்தினேன். அதற்காகப் பல சனிக்கிழமைகள் பேச்சு வாங்கினேன்.

அவர் பொறுமைசாலி அல்ல. பிந்தி வந்தவர்களைப் படியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். அழுதவர்களுக்குக் கண் துடைக்கக் கடதாசி நீட்டியபடியே அடுத்த கேள்வியைக் கேட்பார். ஒருநாள் எனக்கும் கோபம் வந்தது. "மனோ, எங்கட ஆக்களை நீர் பகிடிதானே பண்ணுறீர்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் பதில் சொன்னார்.

"பகிடி இல்லை அக்கா. நான் எங்கட வீட்டைத்தான் செய்து காட்டுறன். இஞ்ச வரேக்க எனக்குப் பன்ரண்டு வயசு. அம்மாக்கு இங்கிலிஷ் வராது. எந்த ஒபீசுக்குப் போனாலும் அவவுக்காக நான்தான் கதைச்சனான். அவ சொல்லுறதில அரைவாசிதான் சொல்லுவன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கும். ஒருத்தரும் என்னை வெளியில விட்டிட்டு, வேற ஒரு ஆளைக் கூப்பிட்டு அவவிட்டைக் கேக்கேல்லை. இப்ப அம்மாவும் இல்லை. அந்த அரைவாசி என்னெண்டு ஆருக்கும் தெரியாது."

இதைச் சொல்லிவிட்டுக் கதிரைகளைச் சுவரோடு அடுக்கினார். நானும் கூட நின்று அடுக்கினேன்.

சென்ற வருடம் அவருக்கு நோய் என்று தெரிந்தது. சிலரிடம் மட்டும் சொன்னார். முடிந்தவரை வகுப்பை நிறுத்தவில்லை. பனி நன்றாகக் கொட்டத் தொடங்கிய பிறகு ஒருநாள், நேரம் கேட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். தங்கை கௌரிதான் கூட்டிவந்திருந்தார். மனோ தனியாள். வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கியது, சமைத்துக் கொடுத்தது, இரவில் பக்கத்தில் கிடந்தது எல்லாம் கௌரிதான்.

"அக்காவுக்குக் கனநேரம் இருக்க ஏலாது," என்று கௌரி தொடங்கினார். "உயில் விசயம். எல்லாம் நாங்கள் வீட்டில கதைச்சு முடிவெடுத்திட்டம். நான் சொல்லுறன், நீங்கள் எழுதினாச் சரி."

நான் மனோவைப் பார்த்தேன். குளிர் அங்கியைக் கழற்றாமல், அதற்கு மேல் சால்வையும் போர்த்திக் கதிரை நுனியில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்," என்றார். "எல்லாம் தங்கச்சிக்குத்தான் தெரியும்."

அந்தச் சனிக்கிழமைக் குரல். சிரிப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. முகத்தை நிமிர்த்தவும் இல்லை. நடிக்கிறாரா, களைத்துவிட்டாரா, உண்மையாகவே ஏதோ சொல்ல முடியாமல் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது செய்ய வேண்டியது ஒன்றுதான் என்பதை அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஆனால் என் எதிரில் இருந்தது கார்த் திறப்பைச் சுழற்றும் மகன் அல்ல. மாதக்கணக்காக ஒழுங்கான நித்திரை இல்லாத ஒரு தங்கை. நான் இப்போது தவறினால் மனோவின் கடைசி விருப்பத்தை இன்னொருவர் வாயால் கேட்டு எழுதியவள் ஆவேன். அவருக்கு இன்னொரு தடவை வர உடம்பில் பலம் இருக்குமோ தெரியாது.

எழுந்தேன். "கௌரி, நான் எல்லாரோடையும் இப்பிடித்தான். என்ர அம்மா வந்தாலும் இப்பிடித்தான். நான் மனோவோட தனியக் கதைக்கவேணும்."

"என்ன அக்கா, நான்தானே அவவை ஒவ்வொரு நாளும் பாக்கிறன். என்னையோ வெளியில விடுறியள்?"

"ஓம். கோவம் எண்டா என்னோட கோவியுங்கோ. அவவோட வேண்டாம்."

கௌரி தமக்கையைப் பார்த்தார். மனோ சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "லோயர் சொல்லுறா. என்ன செய்யிறது, போய் இரு," என்றார்.

கௌரியோடு முன்னறை வரைக்கும் நடந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து கதவைச் சாத்தினேன்.

மனோ நிமிர்ந்தார். அங்கியைக் கழற்றி மடியில் வைத்தார். "இப்பதான் கதவைச் சரியாச் சாத்தியிருக்கிறியள்," என்றார்.

பிறகு பேசத் தொடங்கினார். நான் எழுதினேன். முடிந்து எழும்பும்போது சொன்னார்: "நான் போனாப்பிறகு என்னைப் பற்றி எழுதச் சொல்லி ஆரும் உங்களைக் கேப்பினம். இண்டைக்கு நான் வந்ததையும் எழுதுங்கோ, படிக்கிற பிள்ளையளுக்கு உதவும். கதவு சாத்தும் வரைக்கும் எழுதுங்கோ. அதுக்குப் பிறகு உயில் விசயம் ஒரு சொல்லும் வேண்டாம்."

இறுதிக் கிரியைக்கு ஸ்காபரோவில் மண்டபம் கொள்ளாத சனம் வந்திருந்தது. ஜனனி இப்போது சொலிசிட்டர். தன்னிடம் பயிற்சிக்கு நிற்கும் இரண்டு பேரையும் கூட்டிவந்திருந்தார். "ஐ ஸ்ரில் வோக் தெம் ரு த டோர், அக்கா, வாசல் வரைக்கும்," என்று என் காதில் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கௌரி என்னை ஒரு பக்கமாக அழைத்துப் போனார். "அக்கா, அண்டைக்கு உள்ள என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது இலேசான காரியம் அல்ல. ஆனால் கட்சிக்காரர் தனியாகச் சொன்னதில் கெட்டதை மறைத்து நல்லதை மட்டும் சொல்வதற்கும் எங்களுக்கு உரிமையில்லை. ஒருவருக்கு நல்லதைச் சொன்னால், அடுத்தவருக்குச் சொல்லாமல் விடுவதே அவரைப் பற்றிக் கெட்டது சொன்னதாக ஆகிவிடும்.

"அது மனோவின்ர கதை, கௌரி," என்றேன்.

"நீங்களும் அவவை மாதிரித்தான்," என்றார் கோபமாக. பிறகு, அழுதபடியே சிரித்தார். "எத்தினை பேரை இப்பிடி வெளியில விட்டிருப்பா. கடைசியில என்னையும் விட்டிட்டா."

அன்று நடந்ததை இவ்வளவு எழுத கௌரியும் சம்மதம் தந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

கிரியைகள் முடிந்து, பெட்டியை எடுப்பதற்கு முன் கௌரி கொஞ்ச நேரம் தனியாக நிற்கக் கேட்டார். எல்லோரையும் வெளியே போகச் சொல்ல மண்டபத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாமாமார், மச்சாள்மார், ஊர்ச் சங்கத்து ஆட்கள் என்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய், "எல்லாரும் ஒருக்கா வெளியில வாங்கோ, தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கு," என்றேன். "உவ ஆர் எங்களை வெளியில விட?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்டது. முணுமுணுக்கட்டும் என்று அவர்களோடு வாசல் வரைக்கும் நடந்தேன்.

கடைசியாக நானும் வெளியே வந்தேன். உள்ளே தமக்கையின் தலைமாட்டில் கௌரி குனிந்து ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். சத்தம் வரவில்லை.

மனோ, நீர் சொன்ன இடத்திலேயே நிறுத்திவிட்டேன். சுகமாகப் போய் வாரும்.