கோட்டைத் தொட்ட பந்து

செம்மண் கோர்ட்டில் பந்து விழுந்தால் தடம் பதியும். மாவில் கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல, சின்னதாய், ஒரு பக்கம் நீண்டு இருக்கும். அப்படி ஒரு தடத்தைச் சுற்றித் தன் ராக்கெட்டின் நுனியால் மெதுவாக ஒரு வட்டம் போட்டாள் என் இரட்டையர் ஆட்டத் துணை. தடத்தின் ஒரு ஓரம் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் மாட்டுங்காக்காரி. அப்பாவுக்கு வங்கி வேலை; டென்னிஸ் எனக்குப் பாட்டு கிளாஸ் மாதிரி இன்னொரு கிளாஸ். அவள் தாராவியிலிருந்து நடந்து வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், அப்பா குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தார். சர்ச் காம்பவுண்டுச் சுவரில் அடித்து அடித்துத் தானாகக் கற்றுக்கொண்ட ஆட்டம் அவளுடையது. இடது கை. அவள் சர்வீஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. கல்லூரியில் எங்கள் ஜோடிக்குக் கிடைத்த கோப்பைகளில் முக்கால்வாசி அவள் கை வாங்கியது. மீதிக்கு நான் போட்டோவில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு நாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் விழுவதற்கு அவர்கள். துணைகள் இருவரும் ஆளுக்கொன்று சொன்னால் பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். அதனால் துணை 'அவுட்' என்றால் மற்றவள் மறுக்க மாட்டாள். பந்தையே பார்க்காதவள்கூடப் பார்த்த மாதிரி தலையாட்டுவாள். இது யாரும் எழுதி வைக்காத வழக்கம். எல்லா ஜோடிகளும் அப்படித்தான் ஆடினோம், அவளைத் தவிர.

கடைசி வருஷத்து இறுதி ஆட்டம் அது. ஜெயிக்கிற ஜோடி பல்கலைக்கழக அணிக்குப் போகும். எனக்கு அது இன்னொரு போட்டோ. அவளுக்கு அது ரயில்வே வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அந்த அணியில் ஆடியிருக்க வேண்டும். வீட்டில் ஜெபத்தில்கூட அதைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் வெற்றி என்ற இடத்தில், என் பின்னால் ஒரு பந்து விழுந்தது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் செம்மண் தெரிந்ததாக என் கண் சொன்னது. சத்தியமாகச் சொன்னது. 'அவுட்' என்று கையைத் தூக்கினேன். எங்கள் கல்லூரிப் பெண்கள் ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் வந்து வட்டம் போட்டாள்.

அதன்பிறகு வரிசையாகப் பாயிண்டுகளை விட்டோம், தோற்றோம். பார்த்தவர்கள் எல்லோர் கண்ணிலும் நான் ஏமாற்றுக்காரி. ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். கூடவே வந்தவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"ஏட்டி, ஒன் கண்ணு தப்பாப் பாத்துட்டு, அம்புட்டுதான். பொய் சொல்லல. எனக்குத் தெரியும்லா."

தன் வேலையைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அதற்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரயில்வே வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. குர்லாவில் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய டென்னிஸ் வாழ்க்கை அந்த வட்டத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் செம்பூரில் என் மகளுக்கு ஜூனியர் போட்டி. ஜெயித்தால் மாநில முகாம். இப்போதெல்லாம் சிமெண்ட் கோர்ட். பந்து விழுந்தால் தடம் பதியாது. கடைசி நேரத்தில் எதிரில் ஆடிய விக்ரோலிப் பெண் அடித்த பந்தை என் மகள் 'அவுட்' என்றாள். நான் கம்பி வேலிக்கு வெளியே, அந்தக் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். விக்ரோலிப் பெண் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். அடுத்த கோர்ட்டிலிருந்து தொப்பி போட்ட ஒரு பெண்மணி வந்தாள். இடது கையால் தொப்பியைச் சரிசெய்தபோதுதான் அவள் என் பழைய துணை என்று தெரிந்தது.

நன்றாகப் பார்த்தாயா என்று என் மகளிடம் இந்தியில் கேட்டாள். மகள் தலையாட்டினாள். தான் பார்க்காத பந்தை நடுவர் மாற்றிச் சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. விதி அப்படி. தொப்பிக்காரி வேலிப் பக்கம் திரும்பினாள். கண் என்மேல் வந்து நின்றது. நான் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த தண்ணீர் பாட்டிலை மறுபடி மூடினேன்.

ஆட்டம் என் மகளுக்கே போனது. முடிந்ததும் என் பழைய துணை தானே தேடி வந்தாள்.

"ஏட்டி, நீயா? ஒன் மவளா அது?"

"ஆமா."

"நல்லா ஆடுதா. அம்மா நல்லாருக்காவளா?"

பந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று என் காது சுட்டுக்கொண்டிருந்தது. ஞாயிறுகளில் இங்கே நடுவராக வருவதாகவும், சாயங்காலம் கோவண்டியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதாகவும் சொன்னாள். அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவள் எதையும் விட்டிருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற டாக்ஸியில், சயான் தாண்டியதும் மகள் திடீரென்று கேட்டாள்.

"மம்மி, அந்த பால் லைன்ல பட்டுதா? சச் சொல்லு, நெஜமா. நேக்கு டவுட்டாவே இருக்கு. நீ நேரா இருந்தியே."

அவள் கண்ணும் தப்பாகப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். பொய் இன்னும் யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

"தூரத்துலேர்ந்து சரியாத் தெரியலடி" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் மாட்டுங்கா வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து விழுந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று கல்லூரியில் என் பின்னால் விழுந்த பந்து கோட்டின் ஓரத்தைத்தான் தொட்டது. இது கோட்டின் நடுவிலேயே விழுந்தது. சிமெண்டில் வட்டம் போட முடியாதுதான். ஆனால் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வாய் போதுமே.