கேம் தள்ளிப்போன சேதி

எங்கள் கல்யாணத்துக்கு வளைகுடாவிலிருந்து வந்தபோது என் வீட்டுக்காரர் சென்ட் பாட்டில் கொண்டுவந்தார், போர்வை கொண்டுவந்தார், பாதாமும் பிஸ்தாவும் கிலோ கணக்கில் கொண்டுவந்தார். முத்துப்பேட்டையில் எல்லா மாப்பிள்ளையும் கொண்டுவருவதுதான் இதெல்லாம். கூடவே கறுப்பாக, கனமாக ஒரு பெட்டியும் வந்தது. டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் பெட்டி. லீவு முடிந்து திரும்பும்போது அதை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே ஒரே அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில், டிவி வைக்க இடம் கிடையாது.

திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும் முன் புதுப் பெண்டாட்டியிடம் மனிதர் ஏதாவது இனிப்பாகச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். "வாரத்துக்கு ஒரு தடவை அதப் போட்டு விடும்மா. உப்புக் காத்து. அப்படியே கெடந்தா உள்ள துரு புடிச்சிடும்" என்றார். அவ்வளவுதான்.

நியாயம்தான். எங்கள் ஊர்க் கடல் காற்று மிக்ஸியை விடாது, பீரோவை விடாது, கதவுத் தாழ்ப்பாளை விடாது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு பெட்டியைப் போட்டு விடுவேன். திரை சும்மா எரிந்துகொண்டிருக்கும். கரண்டு வீணாகிறதே என்று ஒருநாள் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். எடுத்தவள்தான், இன்னும் கீழே வைக்கவில்லை.

ஆடுவது நான், பார்ப்பது அவர். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவை டிவி பக்கம் காட்டிவிடுவேன். அவர் முகம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிவது கேம் மட்டும்தான். அங்கே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "குனி! குனி!" என்று கத்துவார். அந்தக் "குனி" கடல் தாண்டி என் காதுக்கு வருவதற்குள் நான் செத்து, எழுந்து, மறுபடியும் செத்திருப்பேன். இப்படியே எங்கள் தாம்பத்தியம் அமோகமாக நடந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். கேம்களைப் பற்றிப் பேச எங்கள் தெருவில் என்னை விட்டால் ஆள் இல்லை.

முதலில் அந்த விவசாய கேம். நான் பிறந்தது கீழ்வேளூர் பக்கம், ஜன்னலைத் திறந்தால் வயல், ஆகவே எனக்கு இதில் முழு உரிமை உண்டு. டிராக்டர் அருமை. சக்கரத்தில் சேறு ஒட்டுவதுகூட அருமை. சமீபத்திய பாகத்தில் நெல்லும் போடலாம் என்று கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தேன். ஆடிப் பார்த்தால், தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்கிறது! கேட்டதும் வருகிறது, போதும் என்றால் நிற்கிறது. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஒருவரும் புலம்பவில்லை. பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டுத் தெரியாத மாதிரி நிற்கவில்லை. வரப்பில் எலி வளை இல்லை, நடவுக்கு ஆள் கிடைக்காத தவிப்பு இல்லை. விவசாயமா அது? விருந்துக்கு வந்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. ஒரு போகம்கூட விடாமல் நான் ஆடித் தீர்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஜப்பான் வாள்வீரர் கேம்கள் இப்போது வரிசை கட்டி வருகின்றன. சண்டையை விடுங்கள், அந்தப் புல்லைப் பார்த்தீர்களா? காற்றடித்தால் மொத்த மலைச்சரிவும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. கதிர் முற்றிய சம்பா வயல் மாதிரியே இருக்கும். "பின்னாடி ஆளு வர்றான், பின்னாடி!" என்று அவர் அங்கே குதிப்பார். "இருங்க மச்சான், புல்லப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன். தலை போய்விடும். போகட்டும்.

சாவதற்கென்றே செய்த கஷ்டமான கேம்கள் சில உண்டு. அதையெல்லாம் முடித்தவர்கள் என்னமோ வெட்டி முறித்துவிட்ட மாதிரி இணையத்தில் பேசுவார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம். ராட்சசனிடம் அடி வாங்கிச் செத்தால், எங்கிருந்தோ கிளம்பி அவன் இருக்கும் இடத்துக்குத் திரும்ப நடந்தே போக வேண்டுமாம். ஏன், நடுவில் ஒரு மினி பஸ் விட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

இப்போது வந்ததில் என் மனசை அள்ளிக்கொண்டு போனது ஒரு சின்னக் குழு சேர்ந்து செய்த கேம். நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று முறை வைத்துச் சண்டை. ஆற அமர யோசித்து அடிக்கலாம், நடுவில் போய் உலையை இறக்கிவிட்டும் வரலாம், எதிரி அசையாமல் காத்திருப்பான். கதைதான் ஆளைக் கொன்றுவிட்டது. பிரிந்து போகிறவர்களைப் பார்த்து நான் விட்ட அழுகையில் மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மாமி என்றால் என் மாமியார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"என்னம்மா, யாருக்கு என்ன?"

"கேம்ல மாமி. பிரிஞ்சு போறாங்க."

"நல்லா இருந்த புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இனி, வரப்போகிற கேம். உலகமே வாயைப் பிளந்து காத்திருக்கிறதே, அந்தத் திருட்டுக் கார் கேம். கடற்கரை நகரம், கண்ணில் பட்ட காரைத் திருடி ஓட்டலாம், போலீஸ் துரத்தும். இதற்கு முந்தைய பாகம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். புது டிரெய்லரில் ஒரு சதுப்புக் காடு வரும். அதைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அச்சு அசல் எங்கள் அலையாத்திக் காடு! வேர்களுக்கு நடுவே படகு போகிற வாய்க்கால், கலங்கிய தண்ணீர், உட்கார்ந்திருக்கிற கொக்கு, எல்லாம் அப்படியே. ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். முதலை மட்டும்தான் அவர்களுடையது.

"அது வர்ற அன்னிக்கு நான் அங்க இருப்பேன். அதுக்குத்தான் லீவு கேட்டிருக்கேன்" என்றார் அவர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற லீவு அது. மாதக்கணக்குக்கு முன்பே எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். எப்போது வருவீர்கள் என்று எங்கள் பக்கம் பெண்டாட்டிகள் கேட்பதில்லை. கேட்டால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று அங்கே மனிதர் பதறிப் போவார், வேலையில் மனசு நிற்காது. "இங்க ஒண்ணும் அவசரமில்ல, நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்வதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் வாயைத் திறக்காமலே கேம்காரர்கள் எனக்காகத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள். மாமி மட்டும், "தேதி சொல்றானுங்களே, இன்ஷா அல்லாஹ் சொன்னானுங்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. கேம் தள்ளிப் போனது.

"கேம் இல்லாம வந்து என்ன பண்றது? நானும் தள்ளிப் போட்டுடவா?" என்று அவர் சிரித்தார். வேண்டாம் என்று தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கு பழகின பழக்கத்துக்கு, "அதுவும் சரிதான் மச்சான், வேலையப் பாருங்க" என்றது. கேம்காரர்கள் சொன்ன புதுத் தேதிக்கு அவர் லீவைத் தள்ளிப் போட்டார். அந்த வாரம் பழைய பாகத்தைப் போட்டு, கையில் கிடைத்த கார் அத்தனையையும் கடலில் இறக்கினேன்.

புதுத் தேதி நெருங்க நெருங்க நான் மறுபடி பறக்க ஆரம்பித்தேன். ஒருநாள் காலை இறால் உரித்துக்கொண்டிருந்தபோது போனில் சேதி வந்தது. மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்களாம். மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்கள். இறால் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. சொல்லக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

கேம் உலகத்தில் ஈ பறந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும், இதை எப்படி மறைப்பது என்று வெள்ளிக்கிழமை யோசித்துக்கொண்டே போனை எடுத்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேலை அதிகம், பார்த்திருக்க மாட்டார் போல. அல்ஹம்துலில்லாஹ் என்று நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"கேம் வந்ததும் மொதல்ல எங்க வண்டிய விடுவீங்க?"

"சதுப்புக் காட்டுக்குத்தான். நீ படகு ஓட்டுவியா?"

"ஓட்டுவேன். மழை பெஞ்சா தண்ணி ஏறுமான்னு பாக்கணும்."

அடுத்த வெள்ளியும் அதே பேச்சு. கார்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். போலீஸ் வந்தால் யார் இறங்கிச் சுடுவது, யார் ஓட்டுவது என்று சண்டைகூடப் போட்டோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பேசியதே இல்லை. ஒவ்வொரு பேச்சும் முடிந்த பிறகு, யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே டிவியை அணைப்பேன்.

சொன்னது மாமி. ஒரு வெள்ளி, அவர் போனில் பார்க்க நான் ஆடிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் உட்கார்ந்து தன் போனில் குட்டி வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏம்மா, அந்தத் திருட்டுக் கார் கேமு மறுபடி தள்ளிப் போயிடுச்சாமே?" என்றார்.

போனில் அவர் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணைச் சிமிட்டினார், போகவில்லை.

"தெரியும்மா" என்றார் தன் உம்மாவிடம்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று பாய்ந்தேன்.

"கேம்காரனுங்க சொன்ன அன்னிக்கே தெரியும். ஒனக்கு?"

"எனக்கும் அன்னிக்கேதான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா லீவத் தள்ளிப் போடுவீங்க. நீங்க ஏன் சொல்லல?"

அவர் மெல்லச் சொன்னார்: "சொன்னா, வேலையப் பாருங்கன்னுடுவ. போன தடவ அதானே சொன்ன. சரி, அங்க நம்மள யாரும் தேடலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தேடவில்லையாம்! எனக்கு அழுகையும் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. டிவியில் யாரோ என் ஆளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டேன். கேமராவை என் பக்கம் மாற்றினேன். மூக்கும் கண்ணும் ஒழுக நான் இருந்த கோலத்தை அவர் பார்த்தார்.

"வேலையப் பாருங்கன்னு இனிமே இந்த வாயால சொல்ல மாட்டேன். கேம் வந்தா வருது, வராட்டிப் போகுது. நீங்க வாங்க மச்சான். சும்மா வாங்க."

மாமி, "கொழம்பு அடிப் புடிக்குது" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்பில் அப்போது எதுவும் இல்லை.

அவர் போனைக் கட்டிலில் போட்டுவிட்டார் போல, திரையில் மேல் கட்டிலின் அடிப்பலகைதான் தெரிந்தது. ஆனால் அவர் அறைக்காரர்களிடம் கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டேய், எங்க வீட்ல என்னைய வரச் சொல்றாங்கடா!"

மேல் கட்டிலிலிருந்து யாரோ கை தட்டினார்கள்.