மூட்டையை இறக்கிய பின் வரும் முகம்

பட்டுப் புடவைகளைப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். காஞ்சிபுரத்தில் இணையம் வழியாகப் புடவை விற்கும் நாலைந்து கடைகளுக்கு நான்தான் எடுக்கிறேன். உடுத்தி நிற்கும் பெண்ணின் படத்தைக் கழுத்தோடு வெட்டிவிட வேண்டும் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். வாங்குகிறவள் தன் முகத்தை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வாரம் முழுக்கத் தலையில்லாத பெண்களை எடுத்து எடுத்து எனக்கு முகங்களின் மேல் பசி வந்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவோடு தெருவில் இறங்கியது அதனால்தான்.

எனக்கு ஆட்களிடம் கூச்சம் கிடையாது. பேச்சுக் கொடுப்பேன், சிரிப்பார்கள், எடுப்பேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு படமும் நன்றாக இருக்கும். அத்தனையும் ஒரே படம் போலவும் இருக்கும். என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும்போது என் கேமராப் பையின் ஜிப் பிய்த்துக்கொண்டது. பக்கத்திலேயே ஒரு டீக்கடை. அதை ஒட்டி, பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டி, தையல் மிஷின் போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பைகளுக்கு ஜிப் மாற்றுவதும் அறுந்த வார் தைப்பதும் அவள் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள். முசரவாக்கத்திலிருந்து வருகிறாள் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்த பிறகுதான் கடை போடுவாள் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

"பத்து நிமிசம் ஆவும்க்கா. அப்படி ஒக்காருங்க."

உட்கார்ந்து அன்று எடுத்த படங்களைக் கேமராவிலேயே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவள் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். கொடுத்தேன். முப்பது படங்களாவது பார்த்திருப்பாள், அவசரமே படாமல்.

"நல்லாதான் இருக்குதுக்கா. ஆனா எல்லாரும் உங்கள பாத்து சிரிச்சிக்கினு இருக்காங்க. இதுல உங்க கொணம் தெரியுது. அவங்க எப்படின்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. "வேற எப்படி எடுக்கிறதாம்?" என்றேன், கொஞ்சம் காட்டமாகவே.

"என்னண்ட வர்றவங்கள பாருங்க. பைய எறக்கி வெப்பாங்க இல்ல? வெச்சதும் ஒரு செகண்டு பேச மாட்டாங்க, யாரையும் பாக்கவும் மாட்டாங்க. அவங்க மூஞ்சி அப்பதான் வெளிய வரும். அப்பால, 'எவ்ளோமா ஆவும்'னு வாயத் தொறந்தா வேற மூஞ்சி வந்துடும். நாள் பூரா இதத்தானே பாத்துக்கினு இருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, ஒருவர் ரெக்சின் பையோடு வந்து அதைத் தொப்பென்று வைத்தார். "இப்ப," என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் கேமராவைத் தூக்குவதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார். அடுத்து வந்த கல்லூரிப் பெண்ணையும் தவறவிட்டேன். மூன்றாவதாக ஓர் அம்மா, கோடு போட்ட பெரிய பையை இரண்டு கையாலும் சுமந்து வந்து இறக்கினார். "இப்ப." அழுத்திவிட்டேன்.

அவரிடம் படத்தைக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "இது நானா?" என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இருக்கட்டும்மா," என்றார். படத்தில் பை தரையில் இருந்தது. விரல்கள் மட்டும் இன்னும் பிடித்தபடியே வளைந்திருந்தன. முகத்தில் களைப்பில்லை, வருத்தமுமில்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முகம். நான் அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அப்படி ஒன்று இல்லை.

அதற்குப் பின் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரமே அவள் எனக்கு "நீ" சொல்லத் தொடங்கிவிட்டாள். "அக்கா, அவர வுட்ராத, அந்த மஞ்ச சட்ட." "அந்தப் பாப்பா வேணாம்க்கா, அது அழுதுட்டு வருது, பாவம்." எதை எடுக்க வேண்டும் என்பதைப் போலவே எதை எடுக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏழாவது வாரத்திலிருந்து நான் தனியாகப் போனேன். திருப்பருத்திக்குன்றத்தில் புல்லுக்கட்டை இறக்கிய பெண், சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்கான நூல் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு நின்ற நெசவாளர், மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கியவர். ஒரு வருஷத்தில் இருபத்திரண்டு நல்ல படங்கள் சேர்ந்தன.

சென்னையில் சிறிய படக்கூடம் நடத்தும் ஒரு சினேகிதி அவற்றைச் சுவரில் மாட்டினாள். திறப்பு நாளுக்கு ஜிப் தைப்பவளை அழைக்க நினைத்தேன். 'ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பிழைப்புக் கெடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். சனிக்கிழமையாக இருந்திருந்தாலும் வேறொரு காரணம் கிடைத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அன்று மாலை கூட்டத்தில் ஒருவர் எழுந்து அழகான ஆங்கிலத்தில் கேட்டார், இந்த எண்ணம் எப்படித் தோன்றியது என்று. அந்த ஒரு நொடியை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் பெயர் என் நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. சொல்லிவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்? பொத்தானை அழுத்தியவள் என்ற பெயர் மட்டும்தானே?

"ஒரு நாள் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்," என்று சொன்னேன். "மூட்டையை இறக்கி வைத்ததும் எதிரே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்திராத முகம்."

கைதட்டினார்கள். அந்த மாடிப்படி கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஆனால் அடுத்தடுத்துச் சொல்லும்போது அவை வளர்ந்தன. ஒரு வாரப் பத்திரிகைப் பேட்டியில் கண்ணாடிக்கு ஒரு விரிசல் வந்தது. ஒரு இணையக் காணொளியில் அது மழைநாள் ஆனது. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால் கால்கள் தாமாகவே வேறு தெருவில் திரும்பின. ஐந்து மாதம் அவளைப் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! வாங்க, வாங்க."

அந்த "வாங்க" எனக்கு என்னவோ போல் இருந்தது. போய் நின்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீ சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எங்க வூட்டுக்காரரு போன்ல காமிச்சாருக்கா. உங்க போட்டோ, பேட்டி எல்லாம். படிச்சிக் காட்டினாரு. சந்தோசமா இருந்துச்சு." கையிலிருந்த பையைத் திருப்பிப் போட்டு ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். "எனக்குதான் வெக்கமா பூடுச்சு."

"உனக்கு என்ன வெக்கம்?"

"இல்ல, கண்ணாடில பாத்து உங்களுக்கே தெரிஞ்சிருக்குது. அது தெரியாம நான் ஆறு வாரமும் அது இதுன்னு பேசிக்கினு இருந்தேன். தெரிஞ்சவங்களுக்கே பாடம் எடுத்திருக்கேன் பாருங்க. நீங்களும் பெரிய மனசா கேட்டுக்கினு இருந்தீங்க."

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். எவளோ ஒருத்தி தன் சொத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று அவள் நினைத்திருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும். நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, தன் கண் கண்டதையே அவள் சாதாரணம் என்று முடிவு செய்திருந்தாள். திருடியதை நான் யோசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு பறிகொடுத்தவளுக்கு அது தன்னுடையது என்பதே மறந்துபோகும் என்று யோசித்ததில்லை.

"அது பொய்," என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"கண்ணாடி, மாடிப்படி எல்லாம் நானா கட்டினது. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொன்னதுதான் எல்லாம். உன் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல."

மிஷினில் வைத்த கால் நின்றுவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நான் சொன்னதுதானா?"

"நீ சொன்னதுதான்."

"அப்ப அது உங்களுக்கு முன்னாடியே தெரியாது?"

"தெரியாது."

அவள் டீக்கடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வா." டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, இப்ப என்னண்ட சொன்னத இவருக்குச் சொல்லுங்க."

சொன்னேன். அதிகம் பழக்கமில்லாத ஒருவர் முன்னால், நடுத்தெருவில், நான் பொய் சொன்னவள் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "பேட்டி வந்த அன்னிக்கே நான் சொல்லல?" என்று அவரிடம் கேட்டாள் அவள். "அது நம்ம பேச்சுதான்னு நான் சொன்னேன். நீதான் நம்பல. அப்பால எனக்கே சந்தேகமா பூடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன்.

அன்று ராத்திரியே வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். அங்கே இருந்தவர் போனில் பேசினார். "மேடம், இதையெல்லாம் இப்ப திருத்தினா அந்தக் கட்டுரையே போயிடும். அடுத்த தடவை பேட்டி எடுக்கும்போது சேர்த்துக்கலாமே," என்றார். மூன்று முறை எழுதிய பிறகு, ஒரு மூலையில் நாலு வரி போட்டார்கள். இணையத்தில் பழைய கட்டுரை அப்படியேதான் இருக்கிறது.

பிறகு அதே படங்களைக் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வைத்தேன். வாசலில் ஒரு பலகை எழுதத் தீர்மானித்து, என்ன போடலாம் என்று அவளிடமே போய்க் கேட்டேன். "பேரெல்லாம் வேணாம்," என்றாள். "பஸ் ஸ்டாண்டுல ஜிப் தைக்கிறவங்க சொல்லிக் குடுத்ததுன்னு போடுங்க. ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது போதும்." அப்படியே எழுதினேன். கணவனோடும் நாத்தனார்களோடும் வந்தாள். தன்னிடம் வந்தவர்களின் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, இவருடைய பையில் வார் அறுந்திருந்தது, இந்தம்மாவுடையதில் ஜிப்பே மாற்ற வேண்டியிருந்தது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பலகைக்குப் பக்கத்தில் நின்று கணவனைப் படம் எடுக்கச் சொன்னாள். என்னைத் தன்கூட நிற்கச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை.

இப்போதும் போகும்போது நின்று பேசுகிறேன். ஸ்டூல் போடுகிறாள். வீட்டு விசேஷம் கேட்கிறாள். "நீங்க" மட்டும் மாறவில்லை.

எங்காவது மேடையில் அந்தக் கண்ணாடியைப் பற்றி யாராவது கேட்டால், அது பொய் என்றும், நடந்தது இதுதான் என்றும் முழுவதும் சொல்கிறேன். கேட்டவர்களில் சிலர் பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!" என்கிறார்கள். அந்தப் பாராட்டையும் நான் வேண்டாம் என்று சொல்லத்தான் பார்க்கிறேன். அதற்குள் அவர்கள் அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுகிறார்கள்.