உப்பு போட்ட பெரணி

தங்கச்சி கல்யாணத்துக்கு மாதா கோயில் பீடத்தில் ஒரு பூ கூட வைக்கக் கூடாது என்று அடம் பிடித்தவள் நான்தான். நிச்சயதார்த்தத்தில் சம்பங்கி மாலை போட்ட கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு இழுப்பு வந்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். பீடத்துக்கு முன்னாலும் அப்படி ஆகிவிட்டால்? காய்ந்த இலையில்தான் அலங்காரம் என்று சொல்லி, பெரணி இலையும் பனங்குருத்தும் வாங்கி வந்து ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில் பரப்பினேன்.

எங்கள் ஊரில் இலை காய்வது லேசா? மதியம் மொறுமொறுவென்று இருக்கும். சாயங்காலம் கடல்காற்று அடித்ததும் நமுத்துப்போகும். போதாததற்குத் துறைமுகத்துக் கரித்தூள் வேறு. புரட்டிப் போடுவேன், இறங்குவேன், உலை கொதிக்கும்போதே மறுபடி ஏறுவேன்.

"இன்னாடி, கால்ல சக்கரம் கட்டிகினு கீறியா?" என்பாள் அம்மா.

கல்யாணத்துக்கு முதல் நாள் தண்டையார்பேட்டை டெய்லரிடம் ரவிக்கை வாங்கப் போனேன். திரும்பி வந்து மாடிக்கு ஓடினால், பெரணி எல்லாம் தொளதொளவென்று ஈரமாகக் கிடக்கிறது. தொட்டேன். விரலில் நறநறவென்று கல்லுப்பு.

"யம்மா! இன்னா பண்ணி வச்சிருக்க?"

"கருவாட்டுக்குப் போட்றாப்லதான் போட்டேன். உப்பு போட்டா கெடாதுல்ல?"

காசிமேட்டில் காலமெல்லாம் மீன் காயவைத்தவள். இலைமேல் கிடக்கும் உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கோ ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"உன்ன யாரு கேட்டா? இது போச்சுன்னா பூதான் வைக்கணும். அவ மூச்சோட வெளாட்றியா?"

அம்மா கீழே போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்தாள். இலைகளை அலசி, துணியில் ஒற்றி, பேப்பருக்கு நடுவே வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சுருண்ட ஓரங்களை அம்மா விரலால் நீவிக் கொடுத்தாள். பாதிதான் தேறியது. அதை வைத்தே பீடத்தை ஒப்பேற்றினோம்.

பூசை முழுக்க என் காது தங்கச்சியின் மூச்சிலேயே இருந்தது. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பொண்ணும் மாப்பிள்ளையும் கைபிடித்து வார்த்தைப்பாடு சொல்லும் நேரம் வந்தது. ஒரு இருமல் கூட இல்லாமல், கணீரென்று, கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தாள் புண்ணியவதி.

அப்பாடா என்று பக்கத்திலிருந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். முந்தானைக்குள் அது எதையோ இறுக்கிக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். தங்கச்சியின் இன்ஹேலர், மூடி கழற்றியபடி.