ரை வயல் அத்தை

ஹெஸ்ஸே நாட்டு மலையடிவாரத்தில் ஓர் ஊர். அறுவடைக் காலத்தில் தாய்மார்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வால்புர்காதான். கோதுமை போன்ற ரை என்ற தானியத்தின் விளைந்த பயிருக்குள் ஒரு பிள்ளையும் இறங்காது. அவள் பிரம்பெடுத்ததில்லை, கதைதான் சொல்வாள்.

"பயிர் அசையுது பாத்தீங்களா? அது காத்து இல்ல, அத்தை நடக்கிறா. கருகின முகம், இரும்பு விரலு. பேர் சொல்லிக் கூப்பிடுவா. பதில் சொன்னீங்க, போச்சு."

கதை அவள் அம்மா சொன்னது. இரும்பு விரலை மட்டும் வால்புர்கா சேர்த்தாள். கேட்டு வளர்ந்தவர்களே இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் கொல்லன் ஃபைட்டின் மகள் லோனியைக் காணவில்லை. அவளுடைய மரச்செருப்பு ஒன்று வயலோரம் கிடந்தது. ஓடிவந்த ஆண்கள் வரப்போடு நின்றுவிட்டார்கள். போருக்குப் போய் வந்தவர்கள்கூட உள்ளே கால் வைக்கவில்லை.

"நீயே போக்கா," என்றான் ஃபைட். "உனக்குத்தான் அந்த அத்தையைத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை.

வால்புர்கா இறங்கினாள். பயிர் தலைக்கு மேல் நின்றது. காற்றே இல்லை. "லோனி" என்று கூப்பிட்டபடி நடந்தாள். இடப்பக்கம் கதிர்கள் விலகும் ஓசை கூடவே வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. இரும்பு விரலை நான்தானே சேர்த்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தது.

"ஏன்டி பதில் சொல்லல? எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்."

"அத்தைன்னு நெனச்சேன்."

"நான்தான்டி கூப்பிட்டேன்."

"அந்தப் பக்கத்துல இருந்து கூப்பிட்டதும் நீங்கதானா?"

வால்புர்கா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வெளிச்சம் தெரிந்த திக்கில் ஓடினாள்.

லோனி பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு வால்புர்காவைக் கண்டாலே அலறினாள். அடுத்த கோடையில் யாரும் பிள்ளைகளை அவளிடம் விடவில்லை. "சொன்ன பேச்சு கேக்கலன்னா வால்புர்கா வந்து வயலுக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவா," என்று தாய்மார்கள் மிரட்டுவது அவள் காதிலேயே விழுந்தது. அவள் தெருவில் நடந்தால் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அவளிடம் கதை கேட்டு வளர்ந்த பெண்களே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவள் ஃபுல்டா நகரத்துக்குப் போய்த் துணி துவைத்துப் பிழைத்தாள். துறையில் அழும் பிள்ளையை யாராவது அவள் மடியில் போட்டு, "ஒரு கதை சொல்லுங்கம்மா," என்றால், "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்பாள். சாகும்வரை ஒரு கதையும் சொல்லவில்லை. வெளியிலிருந்து யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், ஆளைக் கண்ணால் பார்க்கும்வரை பதில் கொடுக்கமாட்டாள்.